மாவு வண்டி குறித்து மாமனாருக்கு ஒரு வாக்குமூலம்

சேசு மரி சூசை துணை

ஆரணி
14-6-1984, வியாழக்கிழமை

மகா கனம் பொருந்திய மாமா, ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் திரு. யோவான் அவர்களின் சமூகத்துக்கு மருமகன் சவரிராஜ் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் மகள் இன்னாசியம்மாளும் பிள்ளைகள் இருவரும் ஆண்டவர் கிருபையால், என் பத்து விரல்கள் நீங்கலாக, நலமாக இருக்கிறோம். அங்கே தங்கள் இரத்தக் கொதிப்பும் அத்தையின் முழங்கால் வலியும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். கொதிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு, பத்து நிமிடம் கழித்து மேற்கொண்டு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் தபால் அட்டை நேற்று கிடைத்தது. "வேலையை விட்டாயாமே. உண்டா, இல்லையா? ஞாயிறு வந்து மகளை அழைத்துப் போகிறேன்" என்று மூன்றே வரி. மிச்ச அட்டை முழுக்க வெள்ளை. அந்த வரிகளைவிட அந்த வெள்ளைதான் என்னை அதிகம் கலக்கியது. ஒரே வார்த்தையில் பதில் சொல்வதானால், உண்டு. ஆனால் முப்பது வருஷம் காக்கிச் சட்டை போட்ட தாங்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டவனைக்கூட முழுவதும் பேசவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு நினைவோடு, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் நிச்சயதார்த்தத்தில் தாங்கள் சொந்தக்காரர்களிடம், "பையன் வாய் திறக்கமாட்டான், ஆனா கவர்மெண்ட்" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பெண் கொடுத்தீர்கள் என்பதும் தெரியும். அந்தச் சர்க்கார் ஆபீசில் பதினாலு வருஷம் குமாஸ்தாவாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. ஆடாமல் இருக்க, நான் வருவதற்கு முன்பே யாரோ ஒரு காகிதத்தை எட்டாக மடித்து அதன் அடியில் செருகியிருந்தார்கள். போன மாதம் ஆபீஸைக் கழுவிவிட்டபோது அந்தக் காகிதம் நனைந்துவிட, காய வைக்கலாமே என்று பிரித்துப் பார்த்தேன். அது ஒரு ராஜினாமாக் கடிதம். எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்த இராஜமாணிக்கம் என்பவர், சொந்தமாகக் காபிக் கொட்டை வறுத்து அரைக்கும் கடை வைக்கப்போவதாக 1961-ல் எழுதியது. எழுதியவர் கொடுக்கவில்லை. மடித்துக் காலுக்கு அடியில் வைத்துவிட்டு, அதன்மேல் இன்னும் ஒன்பது வருஷம் ஆடாமல் உட்கார்ந்து பென்ஷனோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். மாமா, அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை நான் திறக்கவில்லை.

அதே வாரத்தில்தான் பக்கத்து நெசவாளர் வீதியில் அபிதகுசாம்பாள் வீட்டுக்கு ஒரு மனுவில் கையெழுத்து வாங்கப் போனேன். புருஷன் உள்ளே தறியில் நெய்ய, அந்தம்மா வாசல்பக்கம் ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அண்டாவில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. "காலைலருந்து ராட்டைல உக்காந்துகினு கீறேன் சார். இது முடிஞ்சா ஆட்டுக்கல்லுல உக்காரணும். ரெண்டு மணி நேரம். எவனாவது வாசல்ல வந்து அரைச்சிக் குடுத்தான்னா அவனுக்குப் படையலே போடுவேன்" என்றார். திரும்பி வரும்போது வீதியில் வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். அறுபத்தோரு வீடு, அறுபத்தோரு ராட்டை, அறுபத்தோரு ஆட்டுக்கல். வீடு வந்து சேர்வதற்குள் என் மனதில் மாடு, வண்டி, இன்ஜின், கிரைண்டர் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டன.

ராஜினாமா எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. முன்மாதிரி இல்லாமல் ஒரு வரிகூட எழுதிப் பழக்கமில்லை. எனவே இராஜமாணிக்கத்தின் கடிதத்தையே நகல் எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி, காபிக் கொட்டை என்ற இடத்தில் இட்லி மாவு என்று எழுதி மேலாளர் தருமன் சாரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்பா சவரி, ஊட்ல எதுனா சண்டையா?"

"இல்ல சார். மாவு அரைக்கப் போறேன்."

"இன்னா மாவு?"

"இட்லி மாவு சார். தோசைக்கும் ஆவும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, மறுபடி படித்தார். "இது என் மேசை டிராயர்லயே ஒரு வாரம் கெடக்கட்டும். மாவு புளிக்கிறதுக்குள்ள உனக்கு மனசு மாறும்" என்று உள்ளே வைத்துப் பூட்டினார். ஆபீஸில் மற்றவர்கள் அந்த ஒரு வாரம் காத்திராமல் பிரிவு உபசாரமாக மாலை போட்டார்கள். சவத்துக்குப் போடுவதுபோல ஒருவர் பின் ஒருவராக வந்து, தலையைக் குனிந்துகொண்டு போட்டார்கள்.

தங்கள் மகளிடம் அன்று மாலைதான் சொன்னேன். அழுவாள் என்று நினைத்துத் துண்டைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. "அந்த மெஷின்ல ஒரு படி உளுந்து அரைக்க எம்மா நேரம் ஆவும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அதக்கூட கேக்காமயா வேலைய வுட்டுட்டு வந்தீங்க?" என்றாள். 

முன்பே எழுதிப் போட்டிருந்த கிரைண்டர் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்தது. கரண்டில் ஓட்டலாமென்றால் வீதியில் பாதி வீட்டில் ஒரு பல்புக்கு மேல் தாங்காது. ஆகவே பெரணமல்லூரில் கிணற்றுக்குப் புதிதாகக் கரண்ட் மோட்டார் போட்ட ஒரு விவசாயியிடம் பழைய ஆயில் இன்ஜினை வாங்கினேன். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டும். சடையப்பன் என்பவரிடம் ஒற்றை மாட்டு வண்டியை மாட்டோடும் அவரோடும் சேர்த்து வாடகைக்குப் பேசினேன். "நல்ல சாதுவான மாடு சார். ஓட்டவே தேவையில்ல. தானா போவும், தானா நிக்கும்" என்றார். இதுவரை அது என்ன வண்டி இழுத்தது என்று நான் கேட்கவில்லை. மாமா, இந்தக் கதை முழுக்க நான் கேட்காத கேள்விகளால் ஆனது.

செவ்வாய்க்கிழமை காலை, மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினோம். மாடு நெசவாளர் வீதிக்குள் தானாகவே நுழைந்தது. கழுத்து மணி கணகணவென்று அடிக்க, முதல் வீட்டு வாசலில் தானாகவே நின்றது. எனக்குப் புல்லரித்தது. அடுத்த நிமிடம் வீதியின் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. "கிருஷ்ணாயில் வந்துட்சிடியோவ்!" என்று ஒரு குரல். டின், கேன், பாட்டில், புனல் சகிதம் நாற்பது பெண்கள் ஓடி வந்தார்கள். அந்த மாடு ஆறு வருஷமாக மண்ணெண்ணெய் வண்டி இழுத்த மாடாம். மூன்று வாரமாக ஊரில் மண்ணெண்ணெய் தட்டுப்பாடாம். சின்னம்மாள் என்ற அம்மாள் எல்லோரையும் முழங்கையால் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து டின்னை நீட்டினார்.

"நாலு லிட்டர் ஊத்துங்க, ஜல்தி."

"அம்மா, இது கிருஷ்ணாயில் வண்டி இல்லீங்க. மாவு அரைக்கிற வண்டி."

"மாவு வண்டில இன்னாத்துக்கு கிருஷ்ணாயில் வாசன வருது?"

"இன்ஜினுக்கு ஊத்தியிருக்கேங்க."

"அப்ப கீது இல்ல? அதுல ஊத்து."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தொட்டியையும் கல்லையும் காட்டினேன். "உள்ள ஒளிச்சி வெச்சிகினு கல்லு காட்றான் பாரு" என்றார்கள். வண்டியை நகர்த்தலாமென்றால் மாடு நகரவில்லை. அதற்குப் பழக்கப்பட்ட கணக்குப்படி கடைசி டின் நிரம்பினால்தான் அடுத்த நிறுத்தம். அன்று ஒரு ஆழாக்கு அரிசிகூட அரைக்காமல், இன்ஜினிலிருந்த மண்ணெண்ணெயைச் சின்னம்மாளின் டின்னில் இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஏட்டு குப்புராஜ் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நான் மண்ணெண்ணெய் பதுக்கி வைத்திருப்பதாக மனு வந்திருக்கிறதாம். வண்டியைச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தார். "மாவு மெஷின்ன்றீங்க, ஒரு பொட்டு மாவு இல்ல. கிருஷ்ணாயில் இல்லன்றீங்க, நாத்தம் தூக்குது. நானு இன்னான்னு எழுதறது?" என்றார். அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியாமல் தங்கள் திருநாமத்தைச் சொன்னேன். மன்னிக்கவேண்டும். அவர் அப்படியே விறைப்பாக நின்றுவிட்டார். "சேத்துப்பட்டு யோவான் ஏட்டய்யா மருமவனா நீங்க! ஐயா கீழதான் நானு வேல கத்துகினேன். ஒரு நாளு தொப்பிய கோணலா வெச்சிகினு வந்துட்டேன், வுட்டாரு பாருங்க ஒரு அறை!" என்று கன்னத்தைத் தடவிச் சிரித்தார். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தாங்கள் அடித்த அடி வீண்போகவில்லை என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி இன்றைக்கு நடந்தது. பேனா விரலில் நிற்கவில்லை, எழுத்துப் புரியாவிட்டால் அத்தையை விட்டு வாசிக்கச் சொல்லவும். காலையில் அபிதகுசாம்பாள் தானே வந்து, "நாந்தான கேட்டேன், நானே போணி பண்றேன்" என்று ஊறிய அரிசியையும் உளுந்தையும் தொட்டியில் போட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. வண்டியை அவர் வாசலில் நிறுத்தி, மண்ணெண்ணெய் இல்லாததால் பெட்ரோலையே ஊற்றி, கயிற்றைச் சுற்றி இன்ஜினை இழுத்தேன். பத்தாவது இழுப்பில் அது பிடித்தது. ஆறு வருஷமாக மணிச் சத்தம் மட்டுமே கேட்ட மாடு, முதுகுக்குப் பின்னால் இடி விழுந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தது. இன்ஜின் ஓட, கிரைண்டர் சுற்ற, மாவு நாலு திசையிலும் தெறிக்க வண்டி வீதியில் போகிறது. பின்னால் நான், எனக்குப் பின்னால் அபிதகுசாம்பாள், "என் உளுந்து! என் உளுந்து!" என்று. எல்லோருக்கும் பின்னால் சடையப்பன், "சாதுவான மாடு சார்! சாதுவான மாடு!" என்று கத்திக்கொண்டே ஓடி வருகிறார்.

காலை வேளையில் அந்த வீதியில் பட்டு நூலைப் பாவாக நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழை பிரிப்பார்கள், தாங்கள் பார்த்திருப்பீர்கள். இன்று பரசுராமன் வீட்டுப் பாவு கட்டியிருந்தது. மாம்பழ நிறம். வந்தவாசியில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று புடவை நெய்யவேண்டிய பாவு. மாடு அதைக் கண்டு நின்றதோ, பரசுராமன் வீடும் மண்ணெண்ணெய் நிறுத்தம் என்பதால் நின்றதோ, பாவுக்கு ஒரு முழம் இருக்கும்போது டக்கென்று நின்றுவிட்டது. மாடு நின்றது, வண்டி நின்றது. தொட்டியிலிருந்த மாவு நிற்கவில்லை.

பரசுராமன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பாவைப் பார்த்தபடியே நின்றார். அவர் சம்சாரம் லீலா, "போச்சே, ரெண்டு மாச பாடு போச்சே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் கால் போன பக்கம் ஓடிவிடலாமா என்று திரும்பினேன். "சார், எங்க போறீங்க?" என்றார் பரசுராமன். சத்தமே போடாமல் கேட்டார். "உளுந்து காஞ்சா பட்டு போச்சு. காயறதுக்குள்ள இழை இழையா தொடைக்கணும். உக்காருங்க." உட்கார்ந்தேன். வீதிப் பெண்கள் எல்லோரும் ராட்டையை அப்படியே போட்டுவிட்டு, ஈரத் துணியோடு வந்து பாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். என்னைத் திட்டிக்கொண்டேதான் துடைத்தார்கள். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. டின்னோடு சண்டை போட்ட அதே சின்னம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அழுத்தாதீங்க, இழை அறுந்துடும். கொழந்தைக்கு மூக்கு தொடைக்கிற மாதிரி தொடைங்க" என்று சொல்லிக் கொடுத்தார். பதினாலு வருஷம் முத்திரை குத்திய கை, மாமா. சாயங்காலத்துக்குள் விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது. பாதிப் பாவு தேறியிருக்கிறது. மிச்சத்துக்கு ஈரத் துணி போட்டு மூடியிருக்கிறது. நாளைக்கும் உட்காரவேண்டும்.

ஆகவே, கனம் பொருந்திய மாமா, என் விண்ணப்பம் இதுதான். சொந்தத் தொழில் என்பது எனக்குச் சரிப்படாது என்று மூன்று நாளில் தெளிந்துவிட்டேன். என் ராஜினாமா இன்னும் மேலாளரின் டிராயரைத் தாண்டவில்லை. தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வரும்போது தங்கள் மகளை அழைத்துப் போவதற்குப் பதிலாக, என்னை அழைத்துப் போய்த் தருமன் சார் வீட்டில் ஒப்படைத்து, "பையன் தெரியாமல் செய்துவிட்டான்" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கூடுமானால் பழைய உடுப்பிலேயே வரவும். இன்ஜினையும் கிரைண்டரையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறேன். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து அரைக்க என் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள் என்று எண்ணி இனிமேல் சும்மா இருந்துவிடுகிறேன்.

தங்களுக்கும் அத்தைக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளையும், என் விஷயத்தில் நீண்ட பொறுமையையும் தந்தருள மன்றாடும்,

தங்கள் கீழ்ப்படிந்துள்ள மருமகன்,
பி. சவரிராஜ்
(மேலே கண்டவை அனைத்தும் உண்மை)

பி.கு. (16-6-84, சனிக்கிழமை மத்தியானம்): மேலே எழுதியதில் தங்கள்மேல் எனக்குள்ள மரியாதையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். தபாலில் போடு என்று இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை காலை தங்கள் மகளிடம் கொடுத்துவிட்டுப் பாவு துடைக்கப் போனேன். அவள் பிரித்துப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியை நெசவாளர் வீதி முனையிலிருக்கிற புங்கமரத்தடிக்குக் கொண்டுபோகச் சொல்லி, மாட்டை அவிழ்த்துச் சடையப்பனோடு அனுப்பிவிட்டு, வண்டிச் சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டாள். "மாவு வூடு தேடி வர வேணாம். வூடு மாவ தேடி வரும்" என்றாளாம். பிறகு பாவில் உட்கார்ந்திருந்த எங்களிடம் வந்து நின்றாள். "நீங்கல்லாம் என் ஊட்டுக்காரரு பண்ண வேலைக்கு ரெண்டு நாளா இங்க உக்காந்துகினு கீறீங்க. உங்க ஊட்ல ஊறிகினு கீற அரிசிய யாரு ஆட்றது? எல்லாத்தையும் நானு அரைக்கிறேன். உங்க பாவு முடியறதுக்குள்ள மாவு முடியும்" என்று சொல்லிவிட்டு, யாரும் பதில் சொல்வதற்குள் வீட்டுக்கு வீடு போய் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குப் பத்து இழுப்பில் பிடித்த இன்ஜின் அவளுக்கு இரண்டாவது இழுப்பில் பிடித்தது. ஒரு படி உளுந்துக்கு இருபத்தைந்து நிமிடம், நாலு வீட்டு உளுந்தைச் சேர்த்துப் போட்டாலும் அதே இருபத்தைந்து நிமிடம் என்று கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாள். மாலையில் பரசுராமன் கடைசி இழையைத் துடைத்து நிமிர்ந்தபோது, பாவில் ஒரு கறையில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மூடி போட்ட மாவு அண்டா இருந்தது. பரசுராமன் தன் வீட்டு மாவில் இரண்டு விரலை விட்டு, நூலைப் பதம் பார்ப்பது போலத் தேய்த்துப் பார்த்தார். "நைசா கீது" என்றார். நெசவாளி வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வராது மாமா. நான் அங்கேயே, வீதியில், எல்லோர் முன்னிலையிலும் அழுதுவிட்டேன். விரல் ஊறியிருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

இன்று காலை புங்கமரத்தடியில் முப்பத்திரண்டு அண்டா. யாரும் யாரையும் முழங்கையால் தள்ளவில்லை. தங்கள் மகள் இடுப்பில் கைவைத்து "வரிசை!" என்று ஒரு அதட்டல் போட்டாள் பாருங்கள், மரத்திலிருந்த காக்கைகூட ஒரு கிளை தள்ளி உட்கார்ந்தது. அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தாள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நடுவில் தருமன் சார் என் ராஜினாமாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "சவரி, ஒரு வாரம் ஆச்சிப்பா, வாங்கிக்கோ" என்று வந்தார். நான் வாய் திறப்பதற்குள் இன்னாசி, "அரிசி எங்க சார்?" என்றாள். அரிசி கொண்டுவரவில்லை என்றார். "அரிசி இல்லாம இங்க நிக்கக்கூடாது, வரிசை கெடுது" என்றாள். அவர் வீட்டுக்குப் போய் இரண்டு படி அரிசியோடு வந்து சின்னம்மாளுக்குப் பின்னால் நின்றார். மாவு வாங்கிக்கொண்டு போகும்போது, ராஜினாமாவைத் திங்கட்கிழமையே மேலே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நான் இப்போது தண்ணீர் ஊற்றுவது, பெல்ட் மாட்டுவது, அண்டா கழுவுவது ஆகிய பிரிவுகளைப் பார்த்துக்கொள்கிறேன். உட்கார நாற்காலி கிடையாது. இருந்தாலும் உட்கார நேரம் கிடையாது.

தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் வந்து சேரும் என்பதால் இதைச் சேத்துப்பட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்குப் பூசை முடிந்து தாங்களும் அத்தையும் அவசியம் வரவும். தங்கள் மகளை அழைத்துப் போவதாக இருந்தால் அதை அவளிடமே நேரில் சொல்லவும், நான் சொல்லத் தயாரில்லை. அத்தை வெறுங்கையோடு வராமல் ஊறவைத்த அரிசி கொண்டுவந்தால் அரைத்துத் தருகிறாளாம். ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடுவது நல்லது. ஏட்டய்யா, பெற்ற தகப்பன் என்றெல்லாம் பார்க்கமாட்டாளாம், சின்னம்மாளுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும் என்று எழுதச் சொன்னாள்.